வாழைக்குலைக் கடை மாடியில் ஒரு வட்டம்

கணக்கு சொல்லிக்கொடுக்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு: நாம் செய்கிற தப்பு உடனே தெரிந்துவிடும். அந்தத் தொழிலில் உள்ள பெரிய கஷ்டமும் அதுதான். சரித்திர வாத்தியார் ஒரு ராஜாவை இரண்டு வருஷம் கூடுதலாக ஆளவைத்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. நான் பிளஸ் போடவேண்டிய இடத்தில் மைனஸ் போட்டால், பதின்மூன்று பேர் அதை அப்படியே மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, திருத்துவதற்குத் திருவனந்தபுரம் வரைக்கும் அனுப்பிவிடுவார்கள். இதைப் படிக்கிறவர்களில் கணக்கு வாத்தியார்கள் இருந்தால் என் கஷ்டம் அவர்களுக்குப் புரியும். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

ஏழு பேர்

ஐம்பத்திரண்டாம் வருஷம் பி.ஏ. கணக்கில் இரண்டாம் வகுப்பில் தேறினேன். எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் யாரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அதனால் இரண்டாம் வகுப்பு என்பது நல்லதா கெட்டதா என்று சொல்லவும் வீட்டில் ஆள் இல்லை. அந்த ஜூன் மாதமே மார்த்தாண்டத்தில் ஒரு டுட்டோரியல் காலேஜில் வேலை கிடைத்தது. காலேஜ் என்பது பலகையில் எழுதியிருந்தது. பார்த்தால், சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மாடி. கீழே வாழைக்குலைக் கடை. மேலே பலகைத் தளம் போட்ட ஒரே ஹால். குலைகளைப் பழுக்கவைக்கக் கீழே புகை போட்டால், அது பலகை இடுக்கு வழியாக மேலே ஏறிவரும். காலை வகுப்பில் எல்லோருக்கும் கண் கலங்கியிருக்கும். அதற்குக் காரணம் என் பாடம் அல்ல என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

மாணவர்கள் என்று அவர்களைச் சொல்ல எனக்குக் கூச்சம். இன்டர்மீடியட் பரீட்சையில் கணக்கில் தவறி, செப்டம்பரில் மறுபடி எழுதப்போகிற பதின்மூன்று பேர். எனக்கு இருபத்தொரு வயது. அவர்களில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். வேலாயுதம் என்பவர் பகுதிக் கச்சேரியில், அதாவது வில்லேஜ் ஆபீசில், குமாஸ்தா, முப்பத்துநாலு வயது. ஞானம்மா டீச்சர் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுப்பவர். இன்டர் தேறினால்தான் அவருக்கு மேலே ஒரு படி கிடைக்கும். இனயம் கடற்கரையிலிருந்து வந்துகொண்டிருந்த சூசைக்கு மட்டும் ஏறக்குறைய என் வயது. அவர்கள் எழுந்து நின்று எனக்கு வணக்கம் சொல்லும்போதெல்லாம் நானும் எழுந்து நின்றுவிடுவேன்.

முதல் நாள் சின்னதாக ஒரு சோதனை வைத்தேன். நோய் எங்கே என்று தெரிந்துவிட்டது. கோணம் தொண்ணூறு டிகிரிக்குள் இருக்கிறவரைக்கும் எல்லோரும் சமர்த்தர்கள். தாண்டிவிட்டால் போச்சு. சைன் இருநூற்றுப் பத்து எவ்வளவு என்று கேட்டால் அரை என்பார்கள். பிளஸ் அரையா, மைனஸ் அரையா என்று கேட்டால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். அளவு சரி, குறி தப்பு. இதை மானேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் அதைக் கேட்டு வருத்தப்படவில்லை. எனக்கு முன்னால் இருந்த கணக்கு வாத்தியார் ஏன் போனார் என்பதை மட்டும் விளக்கினார். பிறகு என் நிலைமையையும் சொன்னார்: "பதிமூணுல ஏழு வந்தா அடுத்த செட்டுக்கும் நீங்கதான் சாரே. ஆறுண்ணா வேற ஆளைப் பாப்பேன். மனசுல வெச்சுக்கப்படாது, கேட்டியளா."

மூன்று சுற்று

அன்றைக்கே முடிவு செய்தேன்: சூத்திரம் வேண்டாம், வட்டம் போதும். மையத்திலிருந்து ஒரே ஒரு அலகு நீளமுள்ள கை. அது வலது பக்கம் படுத்திருக்கும்போது கோணம் பூஜ்யம். அங்கிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் எழும்பிச் சுற்றிவரும். கையின் நுனி குறுக்குக் கோட்டுக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறதோ, அதுதான் சைன். நட்ட கோட்டுக்கு எவ்வளவு வலது அல்லது இடது பக்கம் இருக்கிறதோ, அதுதான் காஸ். சைனைக் காஸால் வகுத்தால் டான். மேலேயும் வலதும் பிளஸ். கீழேயும் இடதும் மைனஸ். இரண்டு கோடும் சேர்ந்து வட்டத்தை நாலு கால்பகுதிகளாகப் பிரிக்கும். கை எந்தக் கால்பகுதியில் நிற்கிறது என்று தெரிந்தால் குறி தானாக வரும். இருநூற்றுப் பத்து என்றால் நூற்றெண்பதைத் தாண்டி முப்பது, மூன்றாவது கால்பகுதி, நுனி கீழே இருக்கிறது, ஆகவே சைன் மைனஸ். இவ்வளவுதான் விஷயம். இதைக் கரும்பலகையில் எழுதி முடித்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பெருமை ஆறுவதற்குள் ஆயிரத்து நூற்றுப் பத்து டிகிரியையும் எடுத்துக்கொண்டேன். முந்நூற்று அறுபது ஒரு சுற்று. மூன்று சுற்று சுற்றினால் ஆயிரத்து எண்பது. மீதி முப்பது. ஆகவே கை முதல் கால்பகுதியில், முப்பது டிகிரியில் வந்து நிற்கும் என்றேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். ஞானம்மா டீச்சர் மட்டும் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய பார்வை அது. புரியவில்லையா என்று கேட்டேன். நன்றாகப் புரிகிறது என்றார். அப்புறம் சொன்னார்: "மூணு தடவ சுத்தி வந்து பழைய இடத்துலயே நிக்கதுக்கு இவ்வளவு கணக்கு வேணுமா சார்? நான் மூணு தடவ பரீட்சை எழுதி அப்படித்தானே நிக்கேன்."

கீழே இருந்து வந்த ஆட்சேபம்

கரும்பலகையில் வட்டம் புரிந்தது. ஆனால் மறுநாள் மறந்துபோனது. கையால் எழுதியது மறக்கும், காலால் நடந்தது மறக்காது என்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பலகைத் தளத்தில் ஆணியும் கயிறுமாகச் சுண்ணக்கட்டியால் பெரிய வட்டம் ஒன்று போட்டேன். நடுவில் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. கரும்பலகை இருந்தது வடக்குச் சுவரில். அதனால், கரும்பலகையைப் பார்த்து நின்றால் வலது கை கிழக்கு, கிழக்கில்தான் பூஜ்யம், வடக்கில் தொண்ணூறு என்று சொல்லிவைத்தேன். நான் ஒரு கோணத்தைச் சொல்லுவேன். ஒருவர் கிழக்கிலிருந்து புறப்பட்டு வட்டத்தின் மேலே நடந்து, அந்தக் கோணத்தில் போய் நின்று, தன் கால்பகுதியையும் குறிகளையும் சொல்லவேண்டும்.

நன்றாகத்தான் போயிற்று. உற்சாகம் கூடி, சூசை ஒரு தடவை எழுநூற்று ஐம்பது டிகிரியை ஓடியே கடந்தான். இரண்டு சுற்று முடிந்து முப்பதில் அவன் நிற்கவும், படிக்கட்டில் யாரோ மூச்சுவாங்க ஏறிவரும் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. கீழ்க்கடை முதலாளி. தலையிலும் தோளிலும் பலகை இடுக்கின் தூசி. பழுக்க வைத்திருந்த செந்துளுவன் குலைகள் பூராவும் சாம்பல் நிறமாகிவிட்டன என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். ஒரு தடவை அல்ல, நாலு தடவை கேட்டேன் என்று பிற்பாடு வேலாயுதம் சொன்னார். முதலாளி நல்ல மனுஷர், சத்தம் போடவில்லை. தரையில் கிடந்த வட்டத்தையும், அதில் முப்பது டிகிரியில் மூச்சிரைத்துக்கொண்டு நின்ற சூசையையும் ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில் என்னிடம் கேட்டார்: "சாரே, உக்காந்து படிக்குத கணக்கு ஒண்ணும் இல்லியா?"

வலம் வருகிறவர்

அதற்கப்புறம் செருப்பில்லாமல் மெதுவாக நடப்பதென்று முதலாளியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். நடை மெதுவான பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். அம்பலத்துக்குப் போய்ச் சாமி கும்பிட்டுப் பழகியவர்கள் எல்லோரும் வட்டத்தில் கால் வைத்ததும், தங்களையறியாமல், கடிகார முள் போகிற திசையில் திரும்பிவிடுகிறார்கள். சுற்றி நடப்பது என்றாலே வலம் வருவதுதான் என்று கால் நினைத்துக்கொள்கிறது. பரீட்சையில் அவர்கள் குறி தவறியதும் இதனால்தான். முதல் கால்பகுதிக்கு அடுத்தது கீழே இருக்கும் என்று வலமாகவே எண்ணிக்கொண்டு போயிருக்கிறார்கள். சர்ச்சுக்குப் போகிற ஞானம்மா டீச்சருக்கும் சூசைக்கும் இந்தக் குழப்பம் வரவில்லை. மற்றவர்களும் இரண்டு நாளில் சிரித்துக்கொண்டே திருந்திவிட்டார்கள். வேலாயுதம் மட்டும் வட்டத்தில் இறங்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் அவர் முறை வரும்போது கால்வலி என்பார்.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மனைவிக்கு ஏழு மாதம். இடமாகச் சுற்றுவது சுடுகாட்டில் மட்டும்தான். பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்காரன் அப்படிச் சுற்றலாமா என்று அவர் அம்மா கேட்டிருக்கிறார். தனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, ஆனால் கால் வரமாட்டேன் என்கிறது என்றார். எதிர்த்திசை என்பது யாரோ பேசிவைத்துக்கொண்ட ஏற்பாடு என்று புத்தகமே சொல்கிறது. அன்று சாயங்காலம் முழுவதும் யோசித்து, மறுநாள் அவருக்கு ஒரு வழி சொன்னேன். வலமாகவே நடக்கட்டும், கோணத்துக்கு முன்னால் மைனஸ் போட்டுக்கொள்ளட்டும். இருநூற்றுப் பத்துக்குப் போக அவர் வலமாக நூற்றைம்பது நடந்தால் போதும். மைனஸ் நூற்றைம்பதும் இருநூற்றுப் பத்தும் ஒரே புள்ளிதான். கால்பகுதியும் ஒன்று, குறிகளும் ஒன்று.

வேலாயுதம் அதைப் பிடித்துக்கொண்டார். முந்நூற்று அறுபதிலிருந்து கழிப்பது கச்சேரிக் குமாஸ்தாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இதற்கிடையில் மற்றவர்கள் எந்தக் கால்பகுதியில் எது பிளஸ் என்பதற்கு, 'அம்மா சுட்ட தோசை காணல்ல' என்று ஒரு வாக்கியம் கட்டியிருந்தார்கள்: முதலாவதில் அனைத்தும், இரண்டாவதில் சைன், மூன்றாவதில் டான், நாலாவதில் காஸ். வலமாகப் போகிறவருக்கு அது உதவாதல்லவா? அவர் தனக்கென்று, 'கல்யாணத்துக்குத் தம்பி சமையல் அண்ணே' என்று ஒன்று உண்டாக்கிக்கொண்டார். வாரச் சோதனையில் பதினைந்துக்குப் பதினைந்து. எனக்குச் சந்தோஷத்தோடு பயமும் வந்தது. திருத்துகிறவர் எந்த மனநிலையில் இருப்பாரோ. கேட்ட கோணத்தை விட்டுவிட்டு வேறு கோணத்தை எழுதியிருக்கிறானே என்று ஒரு கோடு போட்டுவிட்டால்? என் பயத்தைச் சொன்னேன். வேலாயுதம் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு எனக்கு ஆறுதல் சொன்னார்: "பரீட்சையில இடமாவே போறேன் சாரே. அதுக்குள்ள பேறுகாலம் முடிஞ்சிரும்."

கடல் எந்தப் பக்கம்

அடுத்து சூசையின் சோதனை நோட்டைத் திறந்தேன். ஆறு கணக்குக்கும் ஆறு வட்டம் போட்டிருந்தான், ஆறும் தலைகீழ். பூஜ்யம் இடது பக்கம், தொண்ணூறு கீழே, நூற்றெண்பது வலது பக்கம். முதல் மூன்றையும் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். நாலாவதை அடிக்கும்போதுதான் விடையைப் பார்த்தேன். சரியாக இருந்தது. மேலே உள்ள மூன்றையும் திரும்பப் பார்த்தேன். அவையும் சரி. பக்கத்து பெஞ்சில் பார்த்து எழுதினானோ என்று நினைத்தேன். பக்கத்து பெஞ்சில் இருந்தவருக்கு ஆறும் தப்பு.

மறுநாள் அவனைக் கேட்டபோது, நான் சொன்னபடிதான் போட்டிருப்பதாகச் சொன்னான். கிழக்கில் பூஜ்யம், வடக்கில் தொண்ணூறு. அவன் ஊரில் எல்லோரும் கடலைப் பார்த்துத்தான் நிற்பார்கள். காகிதத்தின் மேல்பக்கம் என்றால் அவனுக்குத் தெற்கே இருக்கும் கடல். கடலைப் பார்த்து நின்றால் கிழக்கு இடது கைப் பக்கம், வடக்கு முதுகுக்குப் பின்னால். நான் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். என் கரும்பலகை வட்டம் அப்படியே இருந்தது. தப்பு அவனுடையது அல்ல. வலது என்று சொல்லவேண்டிய இடத்தில் கிழக்கு என்று சொன்ன என்னுடையது. சிவப்புக் கோடுகளுக்குப் பக்கத்தில் 'சரி' என்று எழுதி, கீழே என் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். பரீட்சையில் மட்டும் புத்தகத்தில் உள்ளபடி போடு, திருத்துகிறவர் தாளைத் திருப்பிப் பார்க்கமாட்டார் என்றேன். அவன் சம்மதித்தான். ஆனாலும் மனசு ஆறவில்லை: "கடலைப் பாத்து நிக்காதவனுக்குத் திசை எப்படி சாரே தெரியும்?"

பென்சில்

ஆடிச் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் அப்பா வந்தார். மார்த்தாண்டம் சந்தையில் மாடு பார்க்க வந்தவர், மகன் வேலை செய்கிற இடத்தையும் பார்த்துவிடலாம் என்று மாடி ஏறிவிட்டார். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. வேலாயுதம் கவனித்திருக்கிறார். மூத்த வயதில் படிக்க வருகிறவர்கள் எங்கள் டுட்டோரியலில் புதிதல்லவே. புதிதாகச் சேர்ந்தவர் என்று நினைத்து, பெஞ்சில் ஒதுங்கி இடம் கொடுத்து, ஒரு தாளும் பென்சிலும் கொடுத்திருக்கிறார்.

நான் திரும்பினால், கடைசி பெஞ்சில் அப்பா, கையில் பென்சிலோடு. சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் எங்கே நின்றது என்று எனக்கு நினைவில்லை. அவரை எழுந்து வரச் சொல்லவும் முடியவில்லை, அவர் என் அப்பா என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. சொன்னால் இத்தனை பேரும் எழுந்து நின்றுவிடுவார்களே என்று பயம். ஒரு மணி நேரமும் நாலு கால்பகுதிகளைப் பற்றிப் பேசினேன். அவர் ஒரு மணி நேரமும் அசையவில்லை. பென்சிலைத் திருப்பிக் கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அதைச் செங்குத்தாகப் பிடித்தபடியே இருந்தார். வகுப்பு முடிந்து எல்லோருக்கும் விஷயம் தெரிந்தபோது வேலாயுதம் தலையைச் சொறிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டார். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. பேருந்து நிறுத்தம்வரை நானும் கூடவே போனேன். வண்டி வந்து படியில் கால் வைத்த பிறகு சொன்னார்: "நீ சொன்னதுல எனக்கு ஒண்ணும் வெளங்கல்ல மக்கா. ஆனா அவ்வளவு பேரும் எழுதினாவ."

சனிக்கிழமைத் தப்பு

பெருமைக்குப் பின்னாலேயே அவமானமும் வந்தது. ஆகஸ்டு மாதம் ஒரு சனிக்கிழமை, டான் இருநூற்று இருபத்தைந்து மைனஸ் ஒன்று என்று கரும்பலகையில் எழுதினேன். மூன்றாவது கால்பகுதியில் சைனும் மைனஸ், காஸும் மைனஸ். மைனஸை மைனஸால் வகுத்தால் பிளஸ். இரண்டு மாதமாக நானே ஓதிய பாடம். வகுப்பில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குப் போகிற பேருந்தில், தக்கலை தாண்டியதும் அது மூளையில் உறைத்தது. இறங்கித் திரும்பிப் போகலாமா என்றுகூட நினைத்தேன்; திரும்பினால் அங்கே பெஞ்சுகள்தான் இருக்கும். பதின்மூன்று நோட்டுகளில் என் தப்பு உட்கார்ந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என்னைப் பார்த்தது. சாப்பாடு இறங்கவில்லை. மார்த்தாண்டத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று அம்மா சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். கஷாயத்துக்கு நான் எதிர்ப்புச் சொல்லவில்லை. தண்டனையாக இருக்கட்டும் என்று குடித்தேன்.

திங்கட்கிழமை வருகை எடுப்பதற்கு முன்பே எழுந்து நின்று ஒப்புக்கொண்டேன். சனிக்கிழமை நான் எழுதியது தப்பு, பிளஸ் ஒன்று என்று திருத்திக்கொள்ளுங்கள், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். யாரும் பென்சிலை எடுக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் முன் பெஞ்சு நோட்டுகளை எட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மைனஸ், ஏற்கெனவே நேர்த்தியாகப் பிளஸ் ஆக்கப்பட்டிருந்தது. எப்போது, யார் என்று கேட்டேன். வேலாயுதம் எழுந்தார்: "அன்னைக்கே திருத்தியாச்சு சாரே. கச்சேரியில மேலதிகாரி தப்பா எழுதினாலும் நாங்க சத்தம் போடாமத்தான் திருத்துவோம்."

வாசலில்

பரீட்சை நாகர்கோவிலில். வாத்தியார்கள் அங்கே போகவேண்டிய அவசியமில்லை. நான் போனேன். கேட்டுக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் மூன்று மணி நேரம் நின்றேன். உள்ளே எழுதிக்கொண்டிருந்த பதின்மூன்று பேரில் யாருக்கும் என் அளவு தாகம் எடுத்திருக்காது. ஏழு என்ற எண் மட்டும் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு ஆனால் வீட்டில் என்ன சொல்வது? கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போன மனுஷருக்கு, அவ்வளவு பேரும் எழுதியது வீண் என்று எப்படிச் சொல்வது?

மணி அடித்து எல்லோரும் வெளியே வந்தார்கள். கால்பகுதிக் கேள்வி வந்திருந்தது. நாலு கோணம் கொடுத்து, குறியும் மதிப்பும் கேட்டிருந்தார்கள். சூசை, புத்தகத்தில் உள்ளபடியே போட்டதாகவும், போட்டுவிட்டு ஒரு தடவை தாளைத் திருப்பி வைத்துச் சரிபார்த்துக்கொண்டதாகவும் சொன்னான். வேலாயுதத்துக்குப் பெண் பிறந்து எட்டு நாள் ஆகியிருந்தது. தைரியமாக இடமாகவே போனாராம். எனக்கு மூச்சு வந்தது. மூன்று மாதமும் குறி, குறி என்று நான் தொண்டை கிழியக் கத்தியது வீண்போகவில்லை. அப்போது ஞானம்மா டீச்சர் வந்தார். முகம் தெளிவாக இருந்தது. நல்லபடியாக எழுதினீர்களா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பதில் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்: "குறி பூரா சரி சார். முப்பதுக்கு எந்த அளவு, அறுபதுக்கு எந்த அளவுண்ணுதான் மாறிப் போச்சோண்ணு ஒரு சந்தேகம்."

ஒன்பது

முடிவு பேப்பரில் வந்தது. மத்தியான பேருந்தில்தான் மார்த்தாண்டத்துக்குப் பேப்பர் வரும். பதின்மூன்று நம்பர்களையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு காலையிலிருந்தே பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். நம்பர்கள் பொடி எழுத்தில் நெருங்கிக் கிடந்தன. முதல் தடவை எண்ணியபோது எட்டு வந்தது. இரண்டாம் தடவை ஒன்பது. எட்டோ ஒன்பதோ, ஏழைத் தாண்டிவிட்டது என்று தெரிந்தும் மூன்றாம் தடவை எண்ணினேன்; எண்ணிக்கையில் தப்புவிடும் கணக்கு வாத்தியார் என்று பெயர் வாங்கக்கூடாதல்லவா? ஒன்பதுதான். வேலாயுதம் இருந்தார். சூசை இருந்தான். ஞானம்மா டீச்சரின் நம்பரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், இருந்தது. முப்பதும் அறுபதும் அவருக்கு மாறவில்லை போலும்.

ஓடிப்போய் மானேஜரிடம் பேப்பரை நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் துண்டுக் காகிதத்தை வாங்கி, தானும் ஒரு தடவை எண்ணினார். பிறகு ஹாலைப் பார்த்தார். நாலு பெஞ்சு கிடந்தது. ஜெயித்தவர்கள் இனி வரமாட்டார்கள். தவறிய நாலு பேர்தான் மார்ச்சு செட்டுக்கு மிச்சம். அவர்களுக்கு ஒரு பெஞ்சு போதும். கொடுத்த வாக்கு வாக்குத்தான், அடுத்த செட்டுக்கும் நீங்கள்தான் என்று சொன்னார். புது ஆட்கள் யாராவது சேர்ந்தால் ஹால் நிறையும் என்றும் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று கீழே புகையும் போடவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, வருத்தத்தோடு என்னைப் பார்த்தார்: "ஒம்பது பேரா? ஏழுதானே சாரே நான் சொன்னேன்?"

ஆகவே சக வாத்தியார்களே, மானேஜர் கேட்கிற எண்ணுக்கு ஒன்று கூடாமலும் ஒன்று குறையாமலும் மாணவர்களை ஜெயிக்கவைக்கும் சூத்திரம் எந்தப் புத்தகத்திலாவது உங்கள் கண்ணில் பட்டால், மார்ச்சு மாதத்துக்குள் எனக்கு ஒரு கார்டு போடவும்.